சிஸ்டராகப் போகலாமா என்று யோசிப்பவர்களுக்கு: தேர்ந்து தெளிதல், ஓர் எளிய அறிமுகம்

இறையழைத்தல் பற்றிய மறையுரைகளில் சிறுவன் சாமுவேல் கதை வராமல் இருக்காது. இரவில் கடவுள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், பையன் எழுந்து "இதோ அடியேன்" என்கிறான். இதைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்ததாலோ என்னவோ, கன்னியர் மடத்துக்குப் போகலாமா என்று யோசிக்கிற பெண்கள் பலர் தங்களுக்கும் ஒரு குரல், அது இல்லாவிட்டால் ஒரு கனவு, குறைந்தபட்சம் கண்ணை மூடிக்கொண்டு பைபிளைத் திறந்தால் வந்து விழும் ஒரு வசனம் கிடைக்கும் என்று காத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கதையை மறுபடி ஒருமுறை வாசித்துப் பாருங்கள், சாமுவேல் முதல் நூல் மூன்றாம் அதிகாரம். குரல் தெளிவாகத்தான் கேட்கிறது. அப்படியும் பையன் மூன்று தடவை தப்பான ஆளிடம் ஓடுகிறான். கூப்பிடுவது யார் என்று அவனுக்குத் தெரியவில்லை, வயதான ஏலிக்கே மூன்றாவது தடவைதான் விஷயம் பிடிபடுகிறது. குரல் கேட்டவனுக்கே இந்த நிலைமை என்றால், குரல் எதுவும் கேட்காத நமக்கு, இது யாரிடமிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க நேரமும் வேண்டும், கூட ஓர் ஆளும் வேண்டும்.

இந்தக் கண்டுபிடிக்கும் வேலையைத்தான் தேர்ந்து தெளிதல் என்கிறார்கள். மனதில் எழும் ஆசை, பயம், இழுப்பு எல்லாம் எங்கிருந்து வருகின்றன, எங்கே கொண்டுபோய் விடுகின்றன என்று பொறுமையாகப் பார்ப்பது, செபிப்பது, விவரம் தெரிந்த ஒருவரிடம் பேசுவது, அப்புறம் ஒரு முடிவெடுத்து அந்த முடிவையும் சில வருடம் வாழ்ந்து பார்த்துச் சரிபார்ப்பது. கடைசியாகச் சொன்ன அந்த வாழ்ந்து பார்க்கும் பகுதிதான் வெளியே இருப்பவர்களுக்கு அதிகம் தெரிவதில்லை. மடத்துக்குள் காலெடுத்து வைக்கும் நாளோடு தெளிதல் முடிந்துவிடுவதில்லை, பாதிக்கு மேல் அதற்கப்புறம்தான் நடக்கிறது. ஆகவே முழு உறுதி வந்த பிறகுதான் போக வேண்டும் என்பதில்லை. போனால் திரும்பவே கூடாது என்பதும் இல்லை.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். சிஸ்டர்கள், சாமியார்கள் மட்டும்தான் கடவுளால் அழைக்கப்பட்டவர்கள், கல்யாணம் செய்துகொள்பவர்கள் மீதிப்பேர் என்றொரு எண்ணம் நம் பங்குகளில் இன்னும் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டில் ஓர் இயல் முழுக்க, புனித வாழ்வுக்கு எல்லோருமே அழைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதைத்தான் சொல்கிறது. ஆக, கடவுள் என்னை அழைக்கிறாரா என்பது கேள்வியே இல்லை. எந்த வழியில் வாழச் சொல்கிறார் என்பதுதான் கேள்வி. இது மண்டையில் ஏறிவிட்டால், 'நான் அந்த அளவுக்கு நல்லவள் இல்லையே' என்ற பயமும் போகும், 'நான் மற்றவர்களைவிட ஒரு படி மேல்' என்ற நினைப்பும் போகும். பயத்தைவிட அந்த நினைப்புதான் ஆபத்து.

உள்ளுக்குள் என்ன பார்ப்பது

இதில் அதிகம் உதவுகிறவர் இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார். 1521-இல் பாம்ப்லோனா சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து, லொயோலாவில் தன் வீட்டில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தபோது, பொழுதுபோகாமல் இரண்டு விதமான பகல் கனவு காண்பார். ஒன்று, ஒரு பெரிய இடத்துப் பெண்ணுக்காக வீரசாகசம் செய்வது. இன்னொன்று, வாசிக்கக் கிடைத்த புனிதர் வரலாறுகளில் வருவதுபோல் தானும் வாழ்வது. இரண்டுமே அந்த நேரத்தில் இனிக்கத்தான் செய்தன. ஆனால் முதல் கனவு முடிந்தபின் மனசு காய்ந்துபோனது, இரண்டாவது முடிந்தபின்னும் நிறைவு அப்படியே இருந்தது. இந்த வித்தியாசத்தைக் கவனித்ததுதான் அவருடைய மொத்தக் கண்டுபிடிப்புக்கும் தொடக்கம். பின்னால் அவர் எழுதிய ஆன்மிகப் பயிற்சிகள் நூல் 1548-இல் அச்சாகி, இன்றுவரை தியான இல்லங்களில் அதை வைத்துத்தான் பலரை வழிநடத்துகிறார்கள்.

இதை நீங்களும் செய்து பார்க்கலாம். தினமும் ஒரு நேரம் ஒதுக்கி நற்செய்தியில் ஒரு பகுதியை வாசித்துவிட்டு, சிஸ்டராக வாழும் ஒரு நாளைக் கற்பனை செய்யுங்கள், இன்னொரு நாள் குடும்பத்தோடு, பிள்ளைகளோடு வாழ்வதைக் கற்பனை செய்யுங்கள். அந்த நேரத்தில் எது சந்தோஷமாக இருக்கிறது என்பதைவிட, பாத்திரம் கழுவும்போதோ பஸ்ஸில் போகும்போதோ எதன் நிறைவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், ஏனென்றால் மனசு தான் நினைத்ததையே ஒரு வாரத்தில் மாற்றிச் சொல்லும். கற்பனை என்றவுடன் வெள்ளைச் சேலையில் பீடத்துக்கு முன்னால் நிற்பது மட்டும் வந்தால் பத்தாது, விடுதிப் பிள்ளைகளுக்கு ராத்திரி பத்து மணிக்கு வாந்தி பேதி வந்தால் யார் ஆட்டோ பிடிப்பது என்பதும் அந்தக் கற்பனையில் இருக்கட்டும்.

இஞ்ஞாசியார் சொன்ன இன்னொன்றை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம்: மனம் வறண்டு இருண்டு கிடக்கும்போது, நிதானமாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே. போக வேண்டும் என்ற முடிவுக்கும் இது பொருந்தும், வேண்டாம் என்ற முடிவுக்கும் பொருந்தும். தேர்வில் மார்க் குறைந்த வாரத்தில், வீட்டில் பெரிய சண்டை நடந்த மறுநாள், காதல் முறிந்த மாதத்தில் எந்த முடிவும் வேண்டாம். அவரே தருகிற வேறு வழியும் உண்டு. இதே நிலைமையில் உங்களுக்கு முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து யோசனை கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று யோசியுங்கள், அதையே நீங்கள் செய்யுங்கள். சாகும் நேரத்தில் நின்று திரும்பிப் பார்த்தால் எதைத் தேர்ந்திருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள் என்றும் கேட்கச் சொல்கிறார். கொஞ்சம் கனமான கேள்விதான், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்ற கவலை அதில் காணாமல் போய்விடும்.

ஆனால் உணர்ச்சியை மட்டும் நம்பி எல்லாம் நடப்பதில்லை. அன்னை தெரேசா தன் துறவற சபையைத் தொடங்கிய பிறகு பல வருடங்கள் உள்ளுக்குள் கடும் இருட்டை அனுபவித்தார் என்பது 2007-இல் வெளியான அவருடைய கடிதங்களிலிருந்து உலகத்துக்கே தெரிந்தது. செபத்தில் கண்ணீர் வரவில்லை, ஆராதனையில் உடம்பு சிலிர்க்கவில்லை என்பதற்காக அழைத்தல் இல்லை என்று ஆகாது. சிலிர்த்ததால் இருக்கிறது என்றும் ஆகாது.

எதற்காகப் போகிறேன்

இதில்தான் நேர்மை வேண்டும். வீட்டில் கல்யாணத்துக்கு அவசரப்படுத்துகிறார்கள், மடத்தில் சேர்ந்தால் நர்சிங் படிக்க வைப்பார்கள், அப்பாவின் குடியிலிருந்து தப்பித்தால் போதும், எனக்குப் பிடித்த அந்த சிஸ்டர் மாதிரி ஆக வேண்டும். இப்படி ஏதாவது ஒன்று கூடவே ஒட்டிக்கொண்டு வருவது சகஜம். கலப்படமே இல்லாத நோக்கத்தோடு வந்தவர் யாரும் இருக்க முடியாது என்றே நினைக்கிறேன். அந்தக் காரணத்தை எடுத்துவிட்டால் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. நாளைக்கே படிப்புச் செலவுக்கு வேறு வழி கிடைத்தால், வீட்டில் கல்யாணப் பேச்சை நிறுத்திவிட்டால், அந்த சிஸ்டருக்கே டிரான்ஸ்பர் வந்து வேறு ஊருக்குப் போய்விட்டால், அப்போதும் போகத் தோன்றுகிறதா?

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் நேர்ச்சை. பிள்ளை பிழைத்தால் ஆண்டவருக்கே கொடுத்துவிடுகிறேன் என்று அம்மாவோ பாட்டியோ வேளாங்கண்ணியில் வேண்டிக்கொண்டிருப்பார்கள், பெண்ணுக்குப் பதினெட்டு வயதாகும்போது அந்தக் கதை வெளியே வரும். திருச்சபைச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது: நேர்ச்சை என்பது அதைச் செய்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும் (எண் 1193). அம்மா செய்த நேர்ச்சை அம்மாவுடையது. அதைப் பங்குத்தந்தையிடம் சொல்லி வேறொரு நற்செயலாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. மகள் தன் வாழ்க்கையைக் கொடுத்து அதை அடைக்க வேண்டியதில்லை. அதுமட்டுமில்லை, வற்புறுத்தலாலோ பெரும் பயத்தாலோ ஏமாற்றாலோ ஒருவர் நவதுறவில் (துறவறத்துக்கான முதல் பயிற்சிக் காலம்) சேர்க்கப்பட்டால் அந்தச் சேர்ப்பே செல்லாது என்கிறது அதே சட்டம்.

புனிதர் வரலாறுகளைச் செயல்முறைக் குறிப்புபோல வாசிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பரணங்கானம் புனித அல்போன்சா கல்யாணத்தைத் தவிர்க்க, எரிந்த சாம்பல் குழியில் காலைச் சுட்டுக்கொண்டார் என்று படித்திருப்பீர்கள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சின்னப் பெண்ணுக்கு இருந்த நெருக்கடியை அது காட்டுகிறது. அவரைப் புனிதராக்கியது அந்தக் காயம் இல்லை.

சபையும் உங்களைப் பார்க்கும்

அழைத்தல் என்பது எனக்கும் கடவுளுக்கும் நடுவே மட்டும் நடப்பது என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பகுதி கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கலாம். எனக்கு அழைத்தல் இருக்கிறது என்று நீங்கள் சொல்வது பாதிதான். ஏதாவது ஒரு சபை உங்களோடு பழகிப் பார்த்துவிட்டு, ஆமாம், இவளால் எங்களோடு நிறைவாக வாழ முடியும் என்று சொல்ல வேண்டும். ஒரு சம்பந்தம் பேசும்போது இரண்டு வீட்டாரும் விசாரிப்பதில்லையா, அதுபோல இங்கேயும் இரண்டு பக்கமும் விசாரிக்கலாம், இரண்டு பக்கமும் வேண்டாம் என்று சொல்லலாம். உடல்நலம், குணம், போதிய பக்குவம் இந்த மூன்றும் இருக்கிறதா என்று பார்த்துத்தான் சேர்க்க வேண்டும் என்று தலைவியருக்குச் சட்டமே சொல்கிறது. அடைக்க முடியாத கடன் இருப்பவரைச் சேர்க்கக் கூடாது என்றும் இருக்கிறது, ஆகவே உங்கள் பெயரில் கல்விக்கடன் இருந்தால் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். மனநலச் சிகிச்சை எடுத்திருந்தால் அதையும் மறைக்க வேண்டாம்.

இந்த விஷயத்தில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது பிரான்சில் இருந்த ஒரு குடும்பத்தை. லூயி மார்ட்டின் இளைஞராக இருந்தபோது ஆல்ப்ஸ் மலையிலிருந்த ஒரு மடத்தில் சேரப் போனார், லத்தீன் தெரியாது என்று திருப்பி அனுப்பினார்கள். செலி கெரேன் என்ற பெண் பிறரன்புச் சகோதரிகள் சபையில் சேரக் கேட்டார், அங்கிருந்த தலைவி இது உனக்கான வழியில்லை என்று சொல்லிவிட்டார். இருவருக்கும் அது எவ்வளவு வலித்திருக்கும்! பிறகு 1858-இல் இருவரும் ஒருவரையொருவர் திருமணம் செய்துகொண்டார்கள். அவர்களுடைய கடைசி மகள்தான் நமக்கெல்லாம் தெரிந்த குழந்தை இயேசுவின் புனித தெரேசா. 2015-இல் அந்தத் தம்பதியையும் திருச்சபை புனிதர்களாக அறிவித்தது. மடம் சொன்ன 'இல்லை' என்பதும் ஒரு பதில்தான், அதிலும் கடவுள் பேசலாம்.

எத்தனை வருடம் ஆகும்

சபைக்குச் சபை பெயர்கள் மாறும், ஆனால் போக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலில் பழக்கம்: விடுமுறையில் நடக்கும் இறையழைத்தல் முகாம், வந்து பாருங்கள் நிகழ்ச்சி, இடையிடையே போனில் பேச்சு. அப்புறம் கேண்டிடேட், போஸ்டுலன்ட் என்று மடத்திலேயே தங்கிப் படிக்கும், பழகும் காலம். அதன் பிறகு நவதுறவு, அதாவது எல்லோரும் சொல்கிற நோவிஷியேட்.

இந்த நவதுறவுதான் முதுகெலும்பு. பதினேழு வயது நிறையாதவரை இதில் சேர்க்கவே முடியாது. குறைந்தது பன்னிரண்டு மாதம் அதற்கென்று இருக்கும் இல்லத்தில் தங்க வேண்டும், மொத்தத்தில் மூன்று மாதத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டால் அந்த வருடமே செல்லாது. கல்லூரிப் படிப்பு, பள்ளிக்கூட வேலை எதுவும் இந்த மாதங்களில் கிடையாது. செபம், சபையின் வரலாறு, அதன் தனிவரம் (அந்தச் சபைக்கென்றே உள்ள நோக்கம்), வார்த்தைப்பாடுகள் (துறவியாக வாழக் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்குகள்) என்றால் என்ன என்ற படிப்பு, வீட்டு வேலை, தோட்டம், மௌனம். உங்களை நீங்களே நேருக்கு நேர் பார்க்க வேண்டியிருக்கும், அதுதான் கஷ்டம். இந்தக் காலத்தில் ஒரு நவதுறவி எந்த நாளிலும் தானாகவே கிளம்பிப் போகலாம், சபையும் அனுப்பி வைக்கலாம். இதற்காக ரோமிலிருந்து அனுமதி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

நவதுறவு முடிந்தால் முதல் வார்த்தைப்பாடு. அதற்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். அது தற்காலிகமானது, குறைந்தது மூன்று வருடம், வழக்கமாக ஆறு வருடத்துக்கு மேல் போகாது, தேவைப்பட்டால் ஒன்பது வரை நீட்டலாம். அந்தக் காலம் முடியும்போது புதுப்பிக்காமல் போக ஒருவருக்கு முழு உரிமை உண்டு. எல்லாம் கடந்துதான் நித்திய வார்த்தைப்பாடு, அதாவது வாழ்நாள் முழுவதுக்குமானது, குறைந்தது இருபத்தொரு வயது. நடைமுறையில் பிளஸ் டூ முடித்துப் போகும் ஒரு பெண் நித்திய வார்த்தைப்பாடு கொடுக்கும்போது இருபதுகளின் கடைசியில் இருப்பாள். கார்மேல் மடம்போல அடைபட்ட வாழ்வில் இருப்பவர்களுக்கு இன்னும் நீளம், 2018-இல் வத்திக்கான் வெளியிட்ட விதிமுறைப்படி தொடக்கத்திலிருந்து நித்திய வார்த்தைப்பாடு வரை குறைந்தது ஒன்பது வருடப் பயிற்சி.

பதினைந்து வயதில் கார்மேலுக்குப் போன குழந்தை தெரேசாவை நினைத்து, எனக்கும் இப்போதே போக வேண்டும் என்று துடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர் 1887 நவம்பரில் ரோமுக்குப் போய்ப் பதின்மூன்றாம் லியோ திருத்தந்தையின் காலைப் பிடித்துக் கேட்டதும், காவலர்கள் தூக்கிக்கொண்டு போகும்வரை நகராமல் இருந்ததும் உண்மைதான், மறு ஏப்ரலில் உள்ளே போனதும் உண்மை. ஆனால் இன்றைய சட்டப்படி அந்த வயதில் அவரை நவதுறவில் சேர்த்திருக்க முடியாது. படிப்பை முடியுங்கள், அழைத்தல் உண்மையானது என்றால் இரண்டு வருடத்தில் ஆவியாகிப் போய்விடாது. பல சபைகள் பட்டப்படிப்பு முடித்துவிட்டு வரச் சொல்வதற்கும் காரணம் இதுதான்.

மூன்று வார்த்தைப்பாடுகள், அப்புறம் அந்த டிரான்ஸ்பர் லெட்டர்

கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல். மூன்றையும் ஞாயிறு மறைக்கல்வியில் மனப்பாடம் செய்திருப்போம். கற்பு பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள், 'எனக்குப் பையன்களைப் பார்த்தால் பிடிக்கிறதே, அப்போ அழைத்தல் இல்லையா' என்று. பிடிக்காவிட்டால்தான் யோசிக்க வேண்டும். குடும்ப வாழ்வை அருவருப்பாகவோ பயமாகவோ பார்ப்பவர் முதலில் அந்தப் பயத்தைப் பற்றி யாரிடமாவது பேசட்டும். குடும்பத்தை நேசிக்கத் தெரிந்தவர் மனமறிந்து அதை விடுவதுதான் இந்த வார்த்தைப்பாடு. இருபத்தைந்தில் அது எளிதாகத் தெரியும், தங்கையின் குழந்தையைக் கையில் வாங்கும்போது வேறு மாதிரி இருக்கும்.

ஏழ்மை என்றால் பிச்சை எடுப்பதில்லை. ஆசிரியராக நீங்கள் வாங்கும் சம்பளம் உங்களுடையது இல்லை, சபைக்குப் போய்விடும், உங்களுக்கு வேண்டியதைச் சபை தரும், பஸ் டிக்கெட்டுக்கும் கணக்கு எழுத வேண்டியிருக்கலாம். ஒரு சுவையான விஷயம், அரசு உதவி பெறும் பள்ளிகளில் வேலை பார்க்கும் சிஸ்டர்களும் ஃபாதர்களும் சம்பளத்தைத் தாங்கள் வைத்துக்கொள்வதே இல்லை, எனவே அதில் வருமான வரி பிடிக்கக் கூடாது என்று தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் சபைகள் வருடக்கணக்கில் வழக்கு நடத்தின. 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சம்பளம் யார் கையில் போய்ச் சேர்ந்தாலும் பிடித்தம் பிடித்தம்தான்.

கீழ்ப்படிதல்தான் உண்மையில் கடினம், இதைப் பல வருடம் சிஸ்டராக இருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு கிராமத்துப் பள்ளியில் ஐந்து வருடம் உயிரைக் கொடுத்து உழைத்து, பிள்ளைகள் ஒட்டிக்கொண்ட நேரத்தில் மே மாதம் டிரான்ஸ்பர் லெட்டர் வரும். போகும் இடத்தில் நீங்கள் தேர்ந்தெடுக்காத ஐந்தாறு பெண்கள், வேறு வேறு மாவட்டம், வேறு வேறு வயது, ஒருவருக்கு மிளகாய் ஆகாது, இன்னொருவருக்குக் காலை ஐந்து மணிக்கே உரக்கப் பேசும் பழக்கம், அவர்களோடுதான் சாப்பாடு, செபம், பண்டிகை எல்லாம். சாதிப் பேச்சு மடத்து வாசலோடு நின்றுவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன், எல்லா இடத்திலும் அது நிற்பதில்லை. தங்கிப் பார்க்கப் போகும்போது பீடத்தின் அழகைவிட, சாப்பாட்டு மேசையில் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், சமையலுக்கு உதவும் அம்மாவிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கவனியுங்கள். வயதான சிஸ்டர்கள் சிரிக்கிறார்களா என்றும் பாருங்கள்.

எந்தச் சபை என்பதும் இதோடு சேர்ந்ததுதான். பள்ளி, மருத்துவமனை, சமூகப்பணி, சிறை, குடிபெயர்ந்தோர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிவரம். சுவருக்குள் செபமே பணியாக வாழும் கார்மேல், கிளாரா மடங்கள் தனி. நம் மண்ணிலேயே பிறந்தவையும் இருக்கின்றன: பெண்பிள்ளைகளைப் படிக்க வைப்பதற்காக 1844-இல் புதுச்சேரியில் துய்ப்புயி அடிகளார் தொடங்கிய மாசற்ற இருதய மரியன்னை சபை, திருச்சியில் அன்னம்மாள் என்ற இளம் விதவையைத் தாயாகக் கொண்ட புனித அன்னாள் சபை. விதவைகளை மங்கல காரியங்களில் ஒதுக்கி வைத்த காலத்தில் அவர்களிடமிருந்தே ஒரு சபை எழுந்தது என்பது சின்ன விஷயமில்லை.

உங்கள் பள்ளியில் இருந்த சிஸ்டர்களை மட்டும்தான் உங்களுக்குத் தெரியும் என்றால் குறைந்தது இன்னொரு சபையையாவது போய்ப் பாருங்கள். முதலில் தட்டும் கதவே கடைசிக் கதவாக இருக்க வேண்டியதில்லை. எலேன் தெ ஷப்போத்தேன் என்ற பிரெஞ்சுப் பெண் 1860-இல் கிளாரா மடத்தில் சேர்ந்து, உடம்பு முடியாமல் வீட்டுக்குத் திரும்பினார். நான்கு வருடம் கழித்து வேறொரு சபையில் சேர்ந்தார், அது அவரை மதுரை மறைப்பணித்தளத்துக்கு அனுப்பியது. அங்கே சில வருடங்களில் பிளவு ஏற்பட்டு, ஊட்டியிலிருந்த சகோதரிகளுக்காக ரோமுக்குப் போய் 1877-இல் புதிய சபைக்கு அனுமதி வாங்கினார். நாம் எஃப்.எம்.எம். என்று சொல்கிற மரியின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள் சபை அதுதான்.

திரும்பி வந்தவர்கள்

இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதுவதில் அர்த்தமே இல்லை. மடத்திலிருந்து திரும்பி வந்த பெண்ணை நம் ஊர்கள் நடத்தும் விதம் கேவலமாக இருக்கிறது. என்ன தப்பு செய்தாளோ, ஏன் அனுப்பினார்களோ என்று கோவில் வாசலிலேயே பேச்சு. அப்பா அம்மா தலைகுனிந்து நடக்கிறார்கள். இதனால் என்ன ஆகிறது என்றால், இது எனக்கான வாழ்க்கை இல்லை என்று நவதுறவில் தெளிவாகத் தெரிந்துகொண்ட பெண்ணும் ஊருக்குப் பயந்து உள்ளேயே இருந்துவிடுகிறாள். அப்படி இருப்பவர் தானும் நிம்மதியாக இருப்பதில்லை, கூட இருப்பவர்களுக்கும் நிம்மதி இல்லை. தற்காலிக வார்த்தைப்பாடு என்று ஒன்றைத் திருச்சபை வைத்திருப்பதே சோதித்துப் பார்க்கத்தான். அந்தச் சோதனையில் இல்லை என்று விடை வந்தால், தெளிதல் சரியாக வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம்.

மார்ட்டின் குடும்பத்திலேயே இதற்கும் ஆள் உண்டு. தெரேசாவின் அக்கா லெயோனி, வீட்டில் கொஞ்சம் சிரமப்படுத்தும் பிள்ளை. 1886-இல் கிளாரா மடத்தில் சேர்ந்து சில வாரங்களில் திரும்பினார். அடுத்த வருடம் கான் நகரில் மரியன்னை மினவுதல் (விசிட்டேஷன்) சபையில் சேர்ந்து அங்கிருந்தும் திரும்பினார். 1893-இல் அதே மடத்துக்கு மறுபடி போய் இரண்டு வருடம் கழித்து மறுபடி வீடு. தங்கை தெரேசா இறந்த பிறகு 1899-இல், முப்பத்தைந்து வயதில், நான்காவது தடவையாகப் போனவர் 1941-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். இப்போது அவருக்கும் புனிதர் பட்டத்துக்கான முயற்சிகள் நடக்கின்றன. ஒரே வீட்டில் ஒருத்திக்குப் பதினைந்து வயதில் முடிந்த விஷயம் இன்னொருத்திக்கு முப்பத்தைந்தாயிற்று. லெயோனி நம் ஊரில் பிறந்திருந்தால் இரண்டாவது தடவை திரும்பியபோதே என்ன பேசியிருப்போம் என்று யோசித்துப் பாருங்கள்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை

நல்ல சபை அவசரப்படுத்தாது. இந்த வருடமே சேர வேண்டும், வீட்டில் சொல்லாதே, ஆன்மகுருவிடம் (ஆன்மிக வழிகாட்டியிடம்) எல்லாம் கேட்க வேண்டாம் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். படிப்பு, வேலை, வெளிநாடு என்று முதல் பேச்சிலேயே ஆசை காட்டுபவரிடமும் கவனமாக இருங்கள், அவருக்கு ஆள் எண்ணிக்கை குறைந்திருக்கலாம். உங்கள் மனசாட்சியைத் திறந்து காட்டச் சொல்லி எந்தத் தலைவியும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. சபைக்குள் ஒரு சிஸ்டருக்கு அநியாயம் நடந்தால் யாரிடம் புகார் செய்வது என்று நேரடியாகக் கேளுங்கள், கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். குருக்கள் சிலரால் கன்னியர் பாலியல் கொடுமைக்கு ஆளானது உண்டு என்று திருத்தந்தை பிரான்சிஸே 2019 பிப்ரவரியில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் சபையைத்தான் நான் நம்புவேன்.

வீட்டில் சொல்வது பற்றிச் சுருக்கமாக. எதிர்ப்பு வரும், குறிப்பாக ஒரே பெண் என்றால். அதைச் சாத்தானின் வேலை என்று பெயர் வைத்துவிடாதீர்கள், பெரும்பாலும் அது பிரிவைப் பற்றிய பயம்தான். அம்மாவையும் ஒருமுறை மடத்துக்குக் கூட்டிப் போய், அங்கே ஒரு வேளை சாப்பிட வையுங்கள், பத்துத் தடவை விளக்குவதைவிட அது உதவும். உங்கள் சம்பளத்தை நம்பித்தான் வீடு ஓடுகிறது, தம்பி படிக்கிறான் என்றால் அதுவும் தெளிதலில் சேர்ந்த விஷயம்தான், அந்தப் பொறுப்பு முடியும்வரை காத்திருப்பது அழைத்தலை மறுப்பது ஆகாது. அதே நேரத்தில் பல சபைகள் முப்பது, முப்பத்தைந்து என்று வயது வரம்பு வைத்திருப்பதால் காத்திருக்கப் போவதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? ஞாயிறு பூசையைத் தாண்டி வாரத்தில் ஒன்றிரண்டு நாள் திருப்பலி, மாதம் ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம், தினமும் கொஞ்சம் மௌனம், இதெல்லாம் ஏற்கெனவே இருந்தால் நல்லது. அப்புறம் ஓர் ஆன்மகுருவைத் தேடுங்கள், அது ஒரு குருவாகவோ, பயிற்சி பெற்ற ஒரு சிஸ்டராகவோ இருக்கலாம். நீங்கள் சேர நினைக்கும் சபையைச் சேராதவராக இருந்தால் அவரால் பாரபட்சமில்லாமல் கேட்க முடியும். அதன் பிறகு அந்தச் சபையின் இறையழைத்தல் பொறுப்பாளருக்குப் போன் செய்யுங்கள். பெரிதாக எதையும் அறிவிக்க வேண்டாம், சபையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும், இரண்டு நாள் வந்து தங்கிப் பார்க்கலாமா என்று கேட்டால் போதும். திருமுழுக்குச் சான்றிதழ், உறுதிபூசுதல் சான்றிதழ், பங்குத்தந்தையின் கடிதம் எல்லாம் நிஜமாகச் சேரும்போதுதான் தேவைப்படும். ஆகவே அதைக் கேட்கப் போனால் கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளைக்குத் தெரிந்து, அவர் மூலமாக ஊருக்கே தெரிந்துவிடுமே என்று இப்போதே பயந்துகொண்டிருக்க வேண்டாம். மாற்றுத்துணியும் பைபிளும் எடுத்துக்கொண்டு போய்வாருங்கள், செல்போனை எந்த நேரத்தில் பயன்படுத்தலாம் என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.